சேகரிப்பில் ஒரு முழங்கால்

பஃபலோ நகரத்தின் ஏரிக்கரை நவீனக் கலைக்கூடத்துச் சேகரிப்பில் 'ஒட்டுதல்: ஒரு மணி நேரம்' என்று ஒரு கலைப்படைப்பு இருக்கிறது. அது இரண்டு பாகங்களால் ஆனது. 'அ' பாகம், பழைய டிவி ஒன்றும் அதோடு சேர்ந்த காமிராவும். 'ஆ' பாகம், வாண்டா குருஷ்கா.

'அ' பாகத்தைக் கலைக்கூடத்தின் நிலவறையில், தூசி படாமல், குளிரும் ஈரமும் அளந்து பார்த்துப் பத்திரமாக வைத்திருந்தார்கள். 'ஆ' பாகம் அதே நகரத்தின் கைசர்டவுன் பேட்டையில் ஒரு பழைய வீட்டின் மாடிப் போர்ஷனில், ஹீட்டர் தன் இஷ்டத்துக்கு வேலை செய்யும் அறையில், தங்கை இரேனாவோடு குடியிருந்தது. அதற்கு வயது எழுபத்தொன்று. வலது முழங்காலில் பலத்த சேதம்.

கதை 1974-இல் ஆரம்பிக்கிறது. அந்த வருஷம் பஃபலோவில் கையில் வீடியோ காமிரா அகப்பட்ட எவனும் சும்மா இருக்கவில்லை. ஒருத்தன் டிவியைக் கட்டிக்கொண்டு படுத்தான். ஒருத்தி டிவிக்கு ஸ்வெட்டர் பின்னிப் போட்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்து ஊர் சுற்றிக் காட்டினாள். வாண்டாவுக்கு அப்போது இருபத்தொரு வயது. டிவி முன்னால் மண்டியிட்டாள். பக்கவாட்டில் வைத்த காமிரா அவள் முகத்தை அந்த நிமிஷமே டிவியில் காட்டியது. திரையில் தெரிந்த தன் கன்னத்தோடு தன் கன்னத்தை ஒட்ட வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தாள். முடிந்ததும் எழுந்து நண்பர்களோடு பீர் குடிக்கப் போனாள்.

அஞ்சு வருஷம் கழித்துக் கலைக்கூடம் அதை விலைக்கு வாங்கியது. 'தொலைக்காட்சி, காமிரா மற்றும் கலைஞரின் உடல்' என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததைப் படித்து விழுந்து விழுந்து சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். கிடைத்த காசு ஒரு காராக மாறியது. பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பு, நாலு வருஷத்தில் காரைத் தின்று தீர்த்தது. அப்புறம் கலை அவளைக் கூப்பிடவில்லை. ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் போட்டோ எடுக்கும் கவுண்ட்டரில் உட்கார்ந்து, "நிமிருங்க, கண்ணாடியைக் கழட்டுங்க, சிரிக்காதீங்க" என்று முப்பது வருஷம் சொல்லி ஓய்வு பெற்றாள். ஒரு கையெழுத்துக் குறைந்தது என்று ஆயிரம் பேரைத் திருப்பி அனுப்பியவள். கலைக்கூடத்திலிருந்து போன் வரும் என்று மட்டும் மனசின் ஒரு மூலையில் காத்துக்கொண்டே இருந்தாள். அதைத் தங்கையிடம்கூடச் சொன்னதில்லை.

ஏன் வரவில்லை என்றால், கலையுலகத்தில் உடம்புக்கு நேரம் சரியில்லை. 'உடல் மறைந்துவிட்டது, இனி திரை மட்டுமே' என்று அறிஞர்கள் அறிவித்துப் பத்து வருஷம் அதையே கண்காட்சி வைத்தார்கள். பிறகு 'திரையும் மறைந்துவிட்டது' என்று பத்து வருஷம் இருட்டு அறைகளைக் காட்டினார்கள். அப்புறம் மெய்நிகர் உலகம் என்று கண்ணில் பெட்டியைக் கட்டிக்கொண்டு சுவரில் முட்டுவது வழக்கத்துக்கு வந்தது. போன வருஷம்தான் ஒரு மாநாட்டில் யாரோ தன் இடுப்பு வலியைப் பற்றிப் பேச, 'உடல் திரும்புகிறது' என்று எல்லாருக்கும் ஏககாலத்தில் ஞானம் பிறந்தது. அந்தப் பெயரிலேயே ஏரிக்கரைக் கலைக்கூடம் மாபெரும் கண்காட்சி ஏற்பாடு செய்தது. வாண்டாவுக்குப் போன் வந்தது.

"மேடம், நான் ஹார்லன் ஃபிப்ஸ். சேகரிப்புப் பதிவாளர். உங்களைக் காட்சிக்கு வைக்கலாமான்னு யோசிக்கிறோம். முன்னாடி ஒரு தடவை பரிசோதிக்கணும்."

வாண்டா போனை வைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னக்கா, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றாள் இரேனா.

"என்னைக் கூப்பிடறாங்கடி. மறுபடியும் அந்த டிவி முன்னாடி மண்டி போடப் போறேன்."

"நீயா? சர்ச்சுல மண்டி போடச் சொன்னா அரைப் பிருஷ்டத்தை பெஞ்சுல வச்சுக்கிட்டு சாமியை ஏமாத்தறவ நீ. உன்னால எப்படி முடியும்?"

அது நியாயமான கேள்வி. முழங்காலுக்கு ஆப்பரேஷன் வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து ரெண்டு வருஷம் ஆகிறது. காப்பீட்டு நிறுவனம் அதைப் படித்துவிட்டு, முதலில் உடற்பயிற்சி செய்து பார்க்கச் சொன்னது. செய்தாள். வலி கூடியது. உடற்பயிற்சியால் வலி கூடுகிறது என்றால் உடற்பயிற்சி செய்யும் அளவுக்கு முழங்கால் நன்றாகவே இருக்கிறது என்று தீர்மானித்து விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிட்டது.

"இழுத்துக்கிட்டாவது போவேன். ஒரே ஒரு தடவை அந்தக் கண்ணாடில கன்னத்தை வச்சுட்டா போதும். என் ஆயுசுல நான் உருப்படியா செஞ்சது அது ஒண்ணுதான்" என்றாள் வாண்டா. இரேனா அக்காவுக்குக் காபி போடப் போனாள்.

கலைக்கூடத்தின் பரிசோதனை அறையில் டிவியும் வாண்டாவும் பக்கத்துப் பக்கத்து மேஜைகளில் வைக்கப்பட்டார்கள். டிவியின் மேஜையில் மெத்தை இருந்தது. பாதுகாப்பு நிபுணர் இமோஜின் டேல் நீலக் கையுறை மாட்டிக்கொண்டு, டார்ச் அடித்து வாண்டாவின் கன்னத்தைப் பார்த்தார். உருப்பெருக்கி வைத்தும் பார்த்தார். பார்த்ததை உரக்கச் சொல்லி உதவியாளரை எழுதிக்கொள்ளச் சொன்னார்.

"மேற்பரப்பு முழுக்க நுண்ணிய சுருக்கங்கள். இடது மேல் மூலையில் நிறமாற்றம். ஒட்டுமொத்தமாகக் கீழ்நோக்கித் தொய்வு."

"தொய்வுன்னா என் தாடையா?" என்றாள் வாண்டா.

"பாகம் தயவுசெய்து பேச வேண்டாம். தாடை அசையுது."

முழங்காலை மடக்கினார். அது தன் வழக்கப்படி முறுக்குக் கடிப்பது போல் சத்தம் போட்டது.

"இயந்திரக் கோளாறு. சத்தத்துடன்" என்று எழுதச் சொன்னார்.

"வலிக்குதான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

"டிவி கிட்ட நாங்க அப்படிக் கேக்கறதில்ல, மேடம். ஒரு பாகத்துக்கு ஒரு நியாயம், இன்னொரு பாகத்துக்கு ஒரு நியாயம் கூடாது பாருங்க."

டிவிக்கு என்ன கவனிப்பு என்று ஃபிப்ஸ் பெருமையோடு விவரித்தார். போன மாதம் படம் லேசாக நடுங்கியதாம். மூணாவது நாளே ஒசாகாவிலிருந்து நிபுணர் விமானத்தில் வந்து இறங்கிவிட்டாராம். ஒஹையோவில் ஒரு கிட்டங்கியில் பெட்டி பிரிக்காத பழைய பிக்சர் டியூப் ஒன்றைத் தேடிப் பிடித்து மாற்றினார்களாம்.

"மூணே நாள்ல ஸ்பெஷலிஸ்ட்டா?" வாண்டா ஆடிப் போய்விட்டாள். "யார் பணம் கட்டினது?"

"அரும்பொருள் காப்பீடு. சேகரிப்பில இருக்கற எந்தப் பாகம் பழுதானாலும் அவங்க பொறுப்பு. கேள்வியே கேக்க மாட்டாங்க."

"எந்தப் பாகமா இருந்தாலுமா?"

"எந்தப் பாகமா இருந்தாலும்."

முப்பது வருஷம் கவுண்ட்டரில் உட்கார்ந்தவள் அல்லவா? வாண்டா முழங்காலை மெதுவாக முன்னுக்கு நீட்டினாள்.

"அப்ப இது?"

ஃபிப்ஸ் 'ஆ' பாகத்தைப் பார்த்தார். ஒப்பந்தத்தைப் பார்த்தார். மறுபடியும் 'ஆ' பாகத்தைப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை சௌகரியப்படுமா?" என்றார்.

செவ்வாய்க்கிழமை சௌகரியப்படவில்லை, நிபுணர் குழு குறுக்கே விழுந்ததால். கலைப்பொருளுக்குச் செய்யும் எந்தச் சிகிச்சையும் பின்னொரு நாளில் பழைய நிலைக்கு மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு இயலின் அடிப்படை விதி. ஓவியத்தில் பூசிய புது வண்ணத்தை வழித்தெடுக்கலாம். முழங்காலை எப்படி வழித்தெடுப்பது? குழு நாள் முழுவதும் விவாதித்துத் தீர்வு கண்டது: வெட்டி எடுக்கும் பழைய எலும்பைத் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்தி வைத்தால், வருங்காலத் தலைமுறை விரும்பினால் அதையே திரும்பப் பொருத்திக்கொள்ளலாம். வாண்டா அதுவரை உயிரோடு இருப்பாளா என்று குழுவில் யாரும் கேட்கவில்லை. சேகரிப்பில் இருக்கும் பொருள் அழியாது என்பது அவர்கள் நம்பிக்கை.

அன்றிலிருந்து 'ஆ' பாகத்துக்கும் பாதுகாப்பு விதிகள் பொருந்தும் என்று தெரிவிக்கப்பட்டது. வீட்டு ஹீட்டரைக் கலைக்கூடத்து ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போனான். இத்தனை வருஷம் வீட்டுக்காரரிடம் கெஞ்சியும் நடக்காத காரியம். ஃப்ளோரிடாவில் இருக்கும் தம்பியைப் பார்க்கப் போவதானால், கலைப்பொருளை வெளியூருக்கு இரவல் கொடுக்கும் முறைப்படி முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கூடவே ஒரு காவலரும் வருவார். ஜன்னல் வெயில் முகத்தில் படக்கூடாது. ஒரு நாள் இரேனா பியரோகி என்னும் போலந்துக் கொழுக்கட்டையைப் பொரித்து, மேலே வெங்காயத்தை வதக்கிப் போட்டுத் தட்டில் வைக்கும் நேரம் பார்த்து இமோஜின் வந்து நின்றார்.

"கலைப்பொருளுக்குப் பக்கத்தில உணவுக்கு அனுமதி இல்லையே" என்றார்.

"அது பசிக்குதுங்குது, நான் என்ன பண்ண?" என்றாள் இரேனா.

"பத்தடி தள்ளி வச்சிடுங்க."

"பத்தடி தள்ளி வச்சா அதுவும் கூடவே எந்திருச்சு வருதே, டாக்டர்!"

இமோஜின் இந்தச் சிக்கலைக் குறித்துக்கொண்டு, குழுவில் வைப்பதாகச் சொல்லிப் போனார். வாண்டா ஆறிப்போன பியரோகியைச் சாப்பிட்டாள். "இரு, இரு. முழங்கால் ஆகட்டும். அப்புறம் இவங்களை ஒரு கை பார்க்கறேன்" என்றாள். ஆனால் அவள் குரலில் கோபம் இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. உடம்பைப் பற்றி இத்தனை பேர் கவலைப்பட்டு அவளுக்கு ரொம்ப நாள் ஆகிவிட்டது.

ஆப்பரேஷன் அருமையாக நடந்தது. சர்ஜன் தேங்காய்ப் பத்தை மாதிரி இரண்டு எலும்புத் துண்டுகளை ஜாடியில் போட்டுக் கொடுக்க, ஃபிப்ஸ் கையுறையோடு வாங்கிக்கொண்டார். வாண்டாவுக்கு உள்ளே உலோகம் பொருத்தினார்கள். வசந்தம் வருவதற்குள் படி ஏறினாள், இறங்கினாள். ஒரு நாள் ஹாலில் வானிலை அறிக்கை ஓடிக்கொண்டிருந்தபோது டிவி முன்னால் மெல்ல மண்டியிட்டாள். முழங்கால் வாயே திறக்கவில்லை. "இரேனா! ஓடி வாடி!" என்று கத்தினாள். இரேனா ஓடி வந்து பார்த்துவிட்டு, அவளும் பக்கத்தில் மண்டி போட்டு அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். இரண்டு பேரும் அழுது முடித்த பிறகு இரேனாவைத் தூக்கி நிறுத்த வாண்டா தேவைப்பட்டாள்.

கண்காட்சிக்குப் பத்து நாள் முன்னால் ஃபிப்ஸ் அவளைக் கூப்பிட்டனுப்பினார். இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சின்னப் பிரச்சினை, மேடம். உங்களுக்குள்ள இப்ப அந்நியப் பொருள் இருக்கு."

"நீங்கதானே வைக்கச் சொன்னீங்க!"

"ரொம்ப நல்லா வச்சிருக்காங்க. அதில குறையே இல்லை. ஆனா அசல் பாகமும் திருத்தப்பட்ட பாகமும் ரெண்டும் கைவசம் இருந்தா, அசலைத்தான் காட்சிக்கு வைக்கணும். விதி."

"அசல் நான்தானேய்யா?"

ஃபிப்ஸ் இரக்கத்தோடு அலமாரியைக் காட்டினார். ஜாடியில் எலும்பு இருந்தது.

வாண்டா ஜாடிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு, "அப்ப மிச்சம் இருக்கற நான் யாரு?" என்றாள்.

"பிற்காலச் சேர்க்கை."

"டிவிக்கு டியூப் மாத்தினீங்களே, அது மட்டும் அசலா?"

"அது அதே வருஷத்துத் தயாரிப்பு, மேடம். உங்களுக்கும் 1953-ஆம் வருஷத்து முழங்கால் ஒண்ணு, உபயோகிக்காததா, கிடைச்சிருந்தா பேச்சே இல்லை. ஒஹையோ முழுக்கத் தேடினோம்."

"எங்கப்பா அம்மா கிட்டயே கேட்டிருக்கலாமே! ஸ்பேர் ஒண்ணு செஞ்சு வச்சிருப்பாங்க" என்று வெடித்தாள் வாண்டா. அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

எலும்பை வைக்க வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னாள். ஒரு மணி நேரம் வேண்டாம், ஒரு நிமிஷம் போதும் என்று கெஞ்சினாள். அவள் கவுண்ட்டரில் கெஞ்சியவர்கள் எல்லாரும் பேசிய அதே வார்த்தைகள்தான். ஃபிப்ஸும் அவள் அவர்களைப் பார்த்த மாதிரியே பார்த்தார். கோபமில்லாமல், அவசரமில்லாமல், அடுத்த ஆளைக் கூப்பிடும் முகத்தோடு. மறுநாள் வாண்டா சேகரிப்பிலிருந்து முறைப்படி நீக்கப்பட்டாள். ஹீட்டரும் ஒரே வாரத்தில் பழைய குணத்துக்குத் திரும்பிவிட்டது.

திறப்பு விழாவுக்கு அக்காவும் தங்கையும் முதியோர் சலுகையில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார்கள். நடுக்கூடத்தில் டிவி. அதற்கு முன்னால், அவள் மண்டியிட்ட அதே இடத்தில், வெல்வெட் திண்டின் மேல் எலும்பு. காமிரா எலும்பைப் பார்த்தது. டிவி எலும்பைக் காட்டியது. சுற்றிலும் கயிறு. பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை என்பதற்காக அந்த டிவியை இன்னொரு காமிரா படம் பிடித்து, சுவர் முழுக்கப் பெரிய திரையில் போட்டது. கூட்டம் மொத்தமும் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றது.

"உடலோட இருப்பை இவ்வளவு நெருக்கமா நான் உணர்ந்ததே இல்லை" என்றார் கழுத்தில் மூணு மூக்குக்கண்ணாடி தொங்கவிட்டிருந்த ஒருவர்.

"அதிலும் அந்த முகம் இல்லாத துணிச்சல்!" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"அவ்வளவு தைரியசாலி, பாவம், இருக்காங்களா செத்துட்டாங்களா?"

"கலைஞரா? அந்தக் காலத்துலயே போயிருப்பாங்க."

இரேனா வாயைத் திறந்தாள். அக்கா பக்கத்தில் இல்லை. திரும்பிப் பார்த்தால் வாண்டா கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

காவலர் ரூஃபஸும் எல்லாரையும் போலச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வாண்டா எலும்பைத் திண்டோடு நகர்த்தி வைத்தாள். புது முழங்காலை மடக்கி, சத்தமில்லாமல் மண்டியிட்டாள். டிவியில் அவள் முகம் வந்தது. சுருக்கம், தொய்வு, நிறமாற்றம், எல்லாம் அவளுடையது. கன்னத்தைக் கண்ணாடியில் வைத்தாள். கண்ணாடி சூடாக இருந்தது. படபடவென்று மின்சாரம் பொரிந்து காதோர முடியெல்லாம் எழுந்து நின்றது. ஐம்பது வருஷமாக அந்தச் சூடு அவளுக்கு மறந்தே போயிருந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் அசையாமல் செய்தாள்.

சுவரில் பெரிதாக ஒரு கிழவி முகம் வந்ததும் கூட்டம் சலசலத்தது.

"யாரது? எலும்பை மறைக்கிறாங்க!"

"பாட்டி, கொஞ்சம் தள்ளுங்க, காசு குடுத்து வந்திருக்கோம்!"

அலாரம் அலறியது. ரூஃபஸ் ஓடி வந்தான். "அம்மா, கலைப்பொருளைத் தொடக்கூடாது, எழுந்திருங்க" என்றான்.

"இன்னும் ஒரு நிமிஷம்ப்பா."

"என் வேலை போயிரும்மா."

வாண்டா எழுந்தாள். யார் கையையும் பிடிக்காமல் எழுந்தாள். வாசல் வரை கொண்டுபோய் விட்டார்கள். இனி இந்தக் கலைக்கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். பஸ் ஸ்டாப் வரைக்கும் இரேனா ஃபிப்ஸின் முன்னோர்களை வரிசையாகத் திட்டிக்கொண்டு வந்தாள். வாண்டா கன்னத்தைத் தடவிக்கொண்டே, "வச்சுட்டேன்டி" என்றாள். வீடு போய்ச் சேரும் வரை அதை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அடுத்த வாரம் போன் அடித்தது.

"மேடம், ஃபிப்ஸ் பேசறேன். டிவி கண்ணாடில அடையாளம் தெரியாத பெண் ஒருத்தரோட கன்னத்துப் பிசுக்கு படிஞ்சிருக்கு. வழக்கப்படி துடைச்சு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். 1974-ல பெட்டியோட ஓரத்துல படிஞ்ச பிசுக்கோட அப்படியே ஒத்துப் போகுது."

"ஒத்துப் போகாம? நான்தானே அது!"

"அதைத்தான் சொல்ல வந்தேன். உங்க முழங்கால்தான் திருத்தப்பட்டது. கன்னம் முழுக்க முழுக்க அசல்னு குழு ஏகமனதா ஏத்துக்கிட்டிருக்கு. கன்னத்தை மட்டும் மறுபடி சேகரிப்பில சேர்த்துக்கலாம்னு தீர்மானம். மத்த பாகங்கள் கூடத் துணைக்கு வரலாம், கயித்துக்கு வெளியே நிக்கணும். காப்பீடு, பராமரிப்பு எல்லாம் பழையபடி."

போனைப் பிடுங்கி அந்த ஆளை நாலு கேள்வி கேட்க இரேனா கை நீட்டினாள். வாண்டா தரவில்லை. கண்ணை மூடி யோசித்தாள். பல் என்பது உடம்பில் சேர்த்தி இல்லை என்பது இந்நாட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் பல காலமாகக் கடைப்பிடித்துவரும் கொள்கை; பல் வைத்தியத்துக்குச் சல்லிக்காசு கிடைக்காது.

"மிஸ்டர் ஃபிப்ஸ்," என்றாள், "கன்னம்னா உள்பக்கமும் சேர்த்திதானே? அதைத் தாங்கி நிக்கறது பல்லு. அது போச்சுன்னா கன்னம் ஒட்டிப் போயிரும், அப்புறம் அசல்ங்கறதுக்கே அர்த்தமில்ல. கீழ் வரிசைல எனக்கு நாலு அவுட்டு."

மறுமுனையில் கதவைச் சாத்தும் ஓசை கேட்டது. திரும்பி வந்த ஃபிப்ஸின் குரல் ரகசியம் பேசும் அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

"மேடம், எனக்கு மேல் வரிசைல ரெண்டு ஆடுது. ராத்திரில தூக்கமே இல்லை. அந்தக் காலத்துல உங்க படைப்புல இன்னொரு கன்னம், ஆம்பளைக் கன்னம் ஒண்ணு, எதிர்ப்பக்கத்துல இருந்ததா நீங்க எழுதிக் குடுத்தா, உங்க பல்லுக்கு நான் இப்பவே சீல் வச்சிடறேன்."